டார்வினும் ஒரு ஆர்க்கிட் தொட்டியும்



முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்கு எப்போதாவது ஒரு ஆர்க்கிட் தொட்டி பரிசாக வந்திருக்கிறதா? ஊதாவோ வெள்ளையோ, வந்த பூ இரண்டு மாதம் அப்படியே நிற்கும். அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவார். அப்புறம் ஒவ்வொன்றாக உதிரும். கடைசியில் மிஞ்சுவது நாலு தடித்த இலை, தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிற வேர்கள், ஒரு குச்சி. செடி போச்சு என்று முடிவு கட்டி, மொட்டைமாடி மூலையில் தள்ளிவிடுவோம்.

உண்மையில் செடி போகவில்லை. அடுத்த பூவுக்கு அது சத்து சேர்த்துக்கொண்டிருக்கிறது. பொறுமை போனது நமக்குத்தான்.

இந்தப் பொறுமை விஷயத்தில் நமக்கெல்லாம் ஒரு சூப்பர் சீனியர் இருக்கிறார். சார்லஸ் டார்வின். கப்பல், குரங்கு, நீளமான வெள்ளைத் தாடி என்று பள்ளிப் புத்தகத்தில் பார்த்த அதே ஆள்தான். அவர் வீட்டில் ஆர்க்கிட் வளர்த்தார், அந்தத் தொட்டிகளை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த மாதம் அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

டாக்டர் ஆகாத டாக்டர் மகன்

1809 பிப்ரவரி 12-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் பிறந்தார் டார்வின். அப்பா பெரிய டாக்டர். எட்டு வயதில் அம்மா இறந்துவிட்டார். பையனும் டாக்டர் ஆகவேண்டும் என்று 1825-ல் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார் அப்பா. மயக்கமருந்து இல்லாத காலம் அது. அறுவை சிகிச்சை ஒன்றைப் பார்க்க முடியாமல் பையன் வெளியே ஓடிவந்துவிட்டான். இரண்டு வருடத்தில் படிப்பு நின்றது. அடுத்து, பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பாடப்புத்தகத்தைவிட வண்டுகளின் பின்னால்தான் அதிகம் அலைந்தார்.

வீட்டில் ஒன்றைப் படிக்கச் சொல்ல, மனசு வேறொன்றில் கிடக்கிற நிலைமை நம்மில் பலருக்குப் பழக்கம்தானே? அவருக்கும் அதேதான்.

1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் ஏறினார், 1836 அக்டோபரில் திரும்பினார். அந்த ஐந்து வருடத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். நம் கதைக்கு முக்கியம் அதற்குப் பின்னால் வருவது. அத்தனை கடல் சுற்றியவர், அதன்பிறகு பிரிட்டனை விட்டு வெளியே போகவே இல்லை. 1839-ல் எம்மாவைத் திருமணம் செய்தார். 1842-ல் லண்டனுக்குச் சற்றுத் தள்ளி, கென்ட் பகுதியில் ஒரு சின்னக் கிராமத்தில் டவுன் ஹவுஸ் என்ற வீட்டுக்குக் குடிபோனார். சாகும்வரை நாற்பது வருடம் அந்த வீடுதான்.

காரணம், உடம்பு சரியில்லை. வாந்தி, தலைச்சுற்றல், களைப்பு. பல நாள் சில மணி நேரம்தான் வேலை செய்ய முடியும். என்ன நோய் என்று அன்றைய டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. போதாததற்கு 1851-ல் செல்ல மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். 1858-ல் ஒன்றரை வயதுக் கைக்குழந்தை ஒன்றும் போனது. அடுத்த வருடம், 1859 நவம்பரில், உயிரினங்களின் தோற்றம் பற்றிய அந்தப் பெரிய புத்தகம் வெளிவந்தது. ஊரே இரண்டுபட்டுச் சண்டை போட்டது.

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்துச் சரிவில் காட்டு ஆர்க்கிட் பூத்திருந்தது. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பென்சில், முப்பது வினாடி

மெக்கானிக்கல் நண்பர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

சாதாரணப் பூவில் மகரந்தம் தூள் தூளாக இருக்கும். பெரும்பாலான ஆர்க்கிட்டில் அப்படியில்லை. மொத்த மகரந்தமும் சில சின்ன உருண்டைகளாகத் திரண்டிருக்கும். டார்வின் பார்த்த காட்டு ஆர்க்கிட்டில் ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு காம்பு, காம்பின் அடியில் ஒரு பசை வட்டு.

டார்வின் ஒரு பென்சிலைக் கூராகச் சீவி, பூச்சி தலையை நுழைக்கிற மாதிரி பூவுக்குள் மெல்ல நுழைத்து வெளியே எடுத்தார். மகரந்த உருண்டை பென்சிலில் ஒட்டிக்கொண்டு வந்தது, கொம்பு மாதிரி நிமிர்ந்து நின்றபடி. அந்தப் பசை சில நிமிடத்தில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். இப்படி நிமிர்ந்து நிற்கிற உருண்டை அடுத்த பூவுக்குள் போனால், சூலகமுடியில் படாது. மேலே இருக்கிற மகரந்தப் பையில்தான் போய் முட்டும். அப்படியானால் இந்த டிசைன் எப்படி வேலை செய்கிறது?

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். சுமார் முப்பது வினாடியில் காம்பு தானாக முன்பக்கம் மடங்கியது, கிட்டத்தட்ட 90 டிகிரி. இப்போது அதே பென்சிலைப் பூவுக்குள் விட்டால் உருண்டை சரியாகச் சூலகமுடியில் போய் இடிக்கிறது!

சரி, ஏன் முப்பது வினாடி? உடனே மடங்கினால் என்ன குறைந்துவிடும்? பூச்சி அதே செடியின் பக்கத்துப் பூவுக்குப் போகும், அதே செடியின் மகரந்தம் அதே செடிக்கே போய்ச்சேரும். முப்பது வினாடி தள்ளிப்போனால், பூச்சி அதற்குள் வேறொரு செடிக்குப் பறந்திருக்கும். சொந்தச் செடிக்குள்ளேயே கலக்காமல் இருக்க ஒரு டைமர் சர்க்யூட்! மின்சாரம் இல்லை, புரோகிராம் இல்லை. ஈரம் உலர்வதால் சுருங்குகிற ஒரு சின்னத் தோல்தான் மொத்த மெக்கானிசமும்.

பூச்சி உண்மையிலேயே தேவையா என்று உறுதிசெய்ய இன்னொரு சோதனை. ஒரு செடியைக் கண்ணாடி மணியால் மூடினார். பக்கத்துச் செடிகளைத் திறந்தே விட்டார். தினமும் காலையில் போய்ப் பார்த்தார். திறந்த செடிகளில் மகரந்த உருண்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மூடிய செடியில் ஒன்றுகூட நகரவில்லை. நாம் லேபில் கன்ட்ரோல் வைத்துச் செய்கிற சோதனை இதேதான். அவருக்கு ஆன செலவு ஒரு கண்ணாடி மூடி.

1861 கோடையில் மகள் ஹென்ரியெட்டாவுக்கு உடம்பு சரியில்லாததால் குடும்பத்தோடு டார்க்கி என்ற கடலோர ஊருக்குப் போய்த் தங்கினார்கள். அங்கேயும் ஆர்க்கிட்தான். அவர் எழுதி முடிக்கவேண்டிய வேறொரு பெரிய புத்தகம் பாதியில் கிடந்தது. அதை விட்டுவிட்டு இப்படிப் பூவோடு உட்கார்ந்திருக்கிறோமே என்ற உறுத்தலும் அவருக்கு இருந்தது. இருந்தாலும் விட முடியவில்லை. செமஸ்டருக்கு முந்தின வாரம்தான் புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆசை வருமே, அந்த நோய் அவருக்கும் இருந்திருக்கிறது.

கேட்டசீட்டம் என்று ஒரு தென் அமெரிக்க ஆர்க்கிட். அதில் கொம்பு மாதிரி இரண்டு நீட்சி இருக்கும். அதைத் தொட்டால் மகரந்த உருண்டை ஸ்பிரிங் விட்ட மாதிரி பாய்ந்து வெளியே வரும். டார்வின் ஜன்னலிலிருந்து சுமார் மூன்று அடி தள்ளி நின்று, பூவைப் பிடித்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார். உருண்டை பறந்துபோய் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இதைக் கேட்டபோது நெருங்கிய நண்பரான ஹக்ஸ்லியே முதலில் நம்பவில்லை.

29 சென்டிமீட்டர் குழாய்

1862 ஜனவரியில் ஜேம்ஸ் பேட்மேன் என்ற ஆர்க்கிட் ஆர்வலரிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட். நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ. அதன் பின்னால் சாட்டை மாதிரி ஒரு குழாய் தொங்கியது. நீளம் பதினொன்றரை அங்குலம், அதாவது சுமார் 29 சென்டிமீட்டர். தேன் இருந்தது குழாயின் அடியில், கடைசி ஒன்றரை அங்குலத்தில் மட்டும்.

உங்கள் ஸ்கேலை எடுத்து 29 சென்டிமீட்டர் எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். அவ்வளவு ஆழத்தில் இருக்கிற தேனை எந்தப் பூச்சி குடிக்கும்?

டார்வின் முதலில் ஊசியையும் மெல்லிய முடியையும் விட்டுப் பார்த்தார். மகரந்தம் ஒட்டவில்லை. யோசித்தார். இவ்வளவு நீளக் குழாய்க்கு வருவது பெரிய அந்துப்பூச்சியாகத்தான் இருக்கவேண்டும், அதன் உறிஞ்சுகுழல் அடிப்பக்கம் தடிமனாக இருக்கும். ஆகவே ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டம் உள்ள தண்டு ஒன்றை எடுத்து அடிவரை அழுத்தி இழுத்தார். மகரந்தம் ஒட்டிக்கொண்டு வந்தது!

அதே வருடம் மே மாதம் ஆர்க்கிட் புத்தகம் வெளிவந்தது. அதில் துணிந்து எழுதினார். மடகாஸ்கரில், பத்து முதல் பதினோரு அங்குலம் வரை நீளக்கூடிய உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி இருந்தே ஆகவேண்டும் என்று. அவர் மடகாஸ்கருக்குப் போனதில்லை. அப்படி ஒரு பூச்சியை அங்கே யாரும் பார்த்ததும் இல்லை.

பூச்சியியல் படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள். ஆர்கைல் பிரபு, இப்படிப்பட்ட பூ கடவுளின் நேரடி வேலைக்குச் சாட்சி என்று தன் புத்தகத்தில் வாதாடினார். 1867-ல் டார்வினுக்குத் துணையாக வாலஸ் எழுதினார். நீளமான குழாய் உள்ள பூவும் நீளமான குழல் உள்ள பூச்சியும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று நீட்டிக்கொண்டே போயிருக்கலாம், தேடினால் அந்தப் பூச்சி நிச்சயம் கிடைக்கும் என்றார். இன்னும் யாரும் காணாத பூச்சிக்குப் படம்கூடப் போட்டுக் காட்டினார்.

கண்ணாடி வீடும் முளைக்காத விதையும்

வெப்பநாட்டு ஆர்க்கிட்டுக்கு இங்கிலாந்துக் குளிர் ஆகாது. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடி வீட்டில்தான் டார்வின் தன் செடிகளை வைத்திருந்தார். 1863 தொடக்கத்தில் சொந்தமாக ஒன்று கட்டினார். மேற்பார்வை பார்த்தது அந்தப் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர். கியூ தாவரவியல் பூங்காவில் இருந்த நண்பர் ஜோசப் ஹூக்கர் ஒரு வண்டி நிறையச் செடி கொடுத்தனுப்பினார். ஐம்பதைத் தொட்ட மனிதர், புது பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி தினமும் அந்தக் கண்ணாடி வீட்டில் போய் நின்றார்.

அவரை அலைக்கழித்த இன்னொரு விஷயம் விதை. ஒரு காட்டு ஆர்க்கிட் காயில் சுமார் 6,200 விதை என்று எண்ணிக் கணக்குப் போட்டார். முப்பது காய் உள்ள ஒரு செடிக்கு 1,86,300. எல்லாமே முளைத்தால், கொள்ளுப்பேரன் தலைமுறையில் உலகத்து நிலம் மொத்தமும் ஆர்க்கிட்டாகிவிடும்! ஆனால் நடப்பது என்ன? ஆர்க்கிட் அரிதாகத்தான் கிடைக்கிறது. அவரே விதைத்துப் பார்த்தும் முளைக்கவில்லை. இந்த விதைகள் ஆரம்பத்தில் ஏதோ பூஞ்சை மாதிரியான ஒன்றை ஒட்டித்தான் உயிர்வாழ்கின்றன என்று அவருக்கு வலுவாகத் தோன்றியது. கையில் ஆதாரம் இல்லை. அதையும் மறைக்காமல் ஹூக்கருக்கு எழுதினார்.

தப்பும் செய்தார்

எல்லாவற்றையும் சரியாகச் சொன்ன மகான் என்று நினைத்துவிடாதீர்கள்.

சில ஆர்க்கிட்டுகளின் தேன்குழாயில் தேனே இருக்காது. 1793-லேயே ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர், இந்தப் பூக்கள் பூச்சியை ஏமாற்றுகின்றன என்று எழுதிவைத்திருந்தார். டார்வினால் அதை ஏற்க முடியவில்லை. பூச்சி என்ன அவ்வளவு முட்டாளா, ஒன்றும் கிடைக்காமல் திரும்பத் திரும்ப வருமா என்பது அவர் வாதம். குழாயின் சுவருக்கு உள்ளே சாறு இருக்கிறது, பூச்சி அதைத் துளைத்துக் குடிக்கிறது என்று விளக்கம் கொடுத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு. ஸ்ப்ரெங்கல் சொன்னதுதான் சரி. ஆர்க்கிட்டுகளில் ஏராளமான வகைகள் பச்சைப் பொய் சொல்லித்தான் பிழைக்கின்றன.

எனக்கு இந்தத் தப்பு ரொம்பப் பிடிக்கும். மடகாஸ்கர் பூச்சி விஷயத்திலும் அவர் செய்தது அனுமானம்தான், இங்கேயும் அனுமானம்தான். ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. இரண்டையும் மற்றவர்கள் சோதித்துப் பார்க்கிற மாதிரி தெளிவாக எழுதிவைத்தார் என்பதுதான் முக்கியம். நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் வராத ரீடிங்கை வந்தமாதிரி எழுதும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

1877-ல் ஆர்க்கிட் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்குள் பிரேசிலில் பத்து, பதினோரு அங்குலக் குழல் உள்ள ஒரு அந்துப்பூச்சி இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. டார்வின் அதையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் மடகாஸ்கர் பூச்சி மட்டும் வரவில்லை. பதினைந்து வருடம் ஆகியும் அவர் அந்த வரியை அழிக்கவில்லை.

1882 ஏப்ரல் 19-ல் அதே வீட்டில் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

1899-ல் பிரான்சில் நோயல் பெர்னார், ஆர்க்கிட் விதை முளைக்கப் பூஞ்சை தேவை என்று கண்டுபிடித்தார். 1903-ல் ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் மடகாஸ்கரின் நீண்ட குழல் அந்துப்பூச்சியை விவரித்துப் பெயர் வைத்தார்கள். பெயரில் பிரெடிக்டா என்ற சொல்லைச் சேர்த்தார்கள். முன்கூட்டியே சொல்லப்பட்டது என்று அர்த்தம். அப்போது டார்வின் இறந்து 21 வருடம் ஆகியிருந்தது. 2021-ல் அதைத் தனி இனமாகவே பிரித்தார்கள்.

1922-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த கூழில் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். ஒரு காலத்தில் பிரபுக்களின் கண்ணாடி வீட்டில் மட்டும் இருந்த செடி இன்று நம் வீட்டுக்கு வருகிறதென்றால், லேப் குடுவையில் ஆர்க்கிட் வளர்க்கும் அந்த வழி திறந்ததும் ஒரு காரணம்.

இனி உங்கள் தொட்டி

ஆர்க்கிட் பூ ஏன் இரண்டு மாதம் வாடாமல் நிற்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். அது தன் பூச்சிக்காகக் காத்திருக்கிறது. மகரந்தம் வந்து சேர்ந்துவிட்டால் பூ சீக்கிரமே வாடி, காய் பிடிக்க ஆரம்பிக்கும். உங்கள் ஹால் அலமாரிக்கு அந்தப் பூச்சி வராது, அதனால்தான் உங்களுக்கு அத்தனை நாள் அழகு.

பூ உதிர்ந்த பிறகு என்ன செய்யலாம்? கடையில் அதிகம் கிடைக்கும் அகல இலை ஃபெலனாப்சிஸ் என்றால்:

பூத்த குச்சி பச்சையாக இருந்தால், கீழிருந்து இரண்டு அல்லது மூன்று கணு விட்டு மேலே வெட்டுங்கள். கிளை விட்டுத் திரும்பப் பூக்க வாய்ப்பு உண்டு. காய்ந்து பழுப்பாகிவிட்டால் அடியோடு வெட்டலாம்.

மண்ணில் நடாதீர்கள். மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு போதும். வேருக்குக் காற்று வேண்டும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று வேரே சொல்லும். பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது. வெள்ளி மாதிரி வெளுத்தால் ஊற்றலாம். ஊற்றியது முழுக்க வடிந்துவிடவேண்டும். தட்டில் தேங்கினால் வேர் அழுகும்.

நேர் வெயில் கூடாது, நல்ல வெளிச்சம் வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம்.

கடைசியாக, முக்கியமான விஷயம். மறுபடி பூக்க இந்தச் செடிக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். பகலைவிட இரவில் ஐந்து டிகிரி அளவு குறைவாக, சில வாரம் தொடர்ந்து. நம் ஊரில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் ஜன்னலோரம் வைத்தால் அது தானாகவே கிடைத்துவிடும். ஏசி அறையின் காய்ந்த காற்று நேராக அடிக்கும் இடம் மட்டும் வேண்டாம்.

சமவெளி வெயிலுக்கு டென்ட்ரோபியம் வகை இன்னும் எளிது. நிழல்வலைக்குக் கீழே மாடியிலேயே வளரும். இலை உதிர்ந்த பழைய தண்டைப் பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள். செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது, சில சமயம் அதிலிருந்தே திரும்பப் பூக்கும்.

இத்தனையும் செய்தும் ஒன்றும் நடக்காத மாதிரிதான் பல மாதம் தெரியும். பரவாயில்லை. ஒரு நோட்டு வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிய நாள், புது இலை, புது வேர், எந்த வாரம் குளிர் ஆரம்பித்தது என்று குறித்து வாருங்கள். அடுத்த பூ எப்போது வரும் என்று ஒரு தேதியும் எழுதுங்கள். தப்பாகப் போனாலும் அழிக்காதீர்கள்.

மாடி மூலையில் தள்ளிவைத்த அந்தத் தொட்டியை இன்றைக்கே போய்ப் பாருங்கள். வேர் கெட்டியாக இருக்கிறதா? அப்படியானால் அது உயிரோடுதான் இருக்கிறது. மொட்டு வந்தால் ஒரு போட்டோ எடுத்து நம் இதழுக்கு அனுப்புங்க. அடுத்த தை மாதத்துக்கு நாங்களும் காத்திருக்கிறோம்.